காவலாளி தொங்கும்போது சிரித்தவர்கள்

ஏழாவது மாடியின் உடைந்த பால்கனியில் ஒரு காவலாளி தொங்கிக்கொண்டிருக்கிறார். வயதானவர். ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்திருக்கிறார். கீழே தீ, மேலே புகை. புகையைக் கிழித்துக்கொண்டு நாயகன் பறந்து வந்து இறங்குகிறான். "பயப்படாதீங்க ஐயா, கையைக் குடுங்க" என்கிறான். பிடித்துத் தூக்குகிறான். படத்தின் உயிரே அந்த இடம்தான். பார்ப்பவர்களுக்குத் தொண்டை அடைக்க வேண்டிய இடம். அங்கேதான் ஜனங்கள் சிரித்தார்கள்.

வயிறு குலுங்கச் சிரித்திருந்தால்கூட ஏதோ புரிந்திருக்கும். இது மூக்கு வழியாக வருகிற சின்னச் சிரிப்பு. முன்வரிசையில் ஒருவருக்கு வரும், பக்கத்து இருக்கைக்காரர் அவரைத் திரும்பிப் பார்ப்பார், அவருக்கும் வரும். ஐந்து விநாடியில் அரங்கம் முழுக்கச் சுற்றிவிட்டு அடங்கிவிடும். அப்புறம் எல்லோரும் நல்ல பிள்ளைகளாகக் கடைசிவரை படம் பார்த்தார்கள்.

படம் வெளிவருவதற்கு முன்னால், சம்பந்தமே இல்லாத அறுபது பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டுக் காட்டி, முடிந்ததும் ஆளுக்கொரு தாளில் கருத்து எழுதி வாங்குவது இந்தத் தொழிலில் வழக்கம். பேருந்து ஓட்டுகிறவர், பல் மருத்துவர், துணிக்கடையில் நிற்பவர் என்று எல்லா வகையிலும் ஆள் இருப்பார்கள். முதல் காட்சியில் சிரித்தார்கள். நாயகன் பேசும் வசனம்தான் காரணம் என்று அதை எடுத்துவிட்டு, இசையையும் குறைத்து, வேறு அறுபது பேருக்குப் போட்டார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

படத்தை வெட்டி ஒட்டுகிறவள் ஒரு பெண். இயக்குநர் அவளுடைய சொந்தத் தம்பி. தம்பி அவளை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காவாகிவிட்டாள். அவள் கணவர்தான் ஒலி அமைப்பாளர். தம்பிக்கு அவர் அத்தான். ஆகவே ஊருக்கே அத்தான். அவரைவிடப் பத்து வயது மூத்த புரொஜக்டர்காரரும் கூச்சமில்லாமல், "அத்தான், டீ வந்துருச்சு" என்பார்.

இரண்டாவது சிரிப்புக்கு மறுநாள் காலை, தம்பி எடிட்டிங் அறைக்குள் வந்தான். கறுப்புச் சட்டை. ஒரு வாரமாகச் சவரம் செய்யாத முகம். கையில் கருத்துத் தாள்களின் கட்டு.

"படிக்கிறேன், கேளு" என்றான். "'ரொம்ப நல்லவனா இருக்கார், நம்ப முடியல.' அடுத்தது. 'இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்கா?' இன்னொண்ணு. 'குழந்தைங்களுக்குப் பிடிக்கும்.' அக்கா, இதைவிட ஒருத்தனைச் செருப்பால அடிக்க முடியாது."

"சரி, அதுக்காக எதுக்குத் தாடி?"

"இது தாடி இல்ல. நேரம் கிடைக்கல."

"கறுப்புச் சட்டை போட நேரம் கிடைச்சுதே."

தம்பி அதைக் காதில் வாங்கவில்லை. "காலம் மாறிடுச்சு அக்கா. நல்லவன்னா ஜனங்களுக்குச் சிரிப்பு வருது. இப்ப ஓடற சூப்பர் ஹீரோ படம் எதையாவது பாரு. ஒருத்தன் முகத்துல வெளிச்சம் இருக்கா? எல்லாம் இருட்டு, மழை, மூட்டை மூட்டையாக் கவலை. நாம கரியைப் போடுவோம்."

கரி என்பதை இங்கே விளக்கிவிட வேண்டும். இந்தப் படத்தின் அந்தக் காட்சியை இரண்டு விதமாக எடுத்திருந்தார்கள். தயாரிப்பாளர் முன்ஜாக்கிரதைக்காரர், வீட்டில் இரண்டு குளிர்சாதனப் பெட்டி வைத்திருப்பவர். நாயகன் காவலாளியைக் காப்பாற்றும் விதத்துக்குப் பால் என்று பெயர். இன்னொன்றில் நாயகன் அதே மாதிரிதான் வந்து இறங்குவான். ஆனால், "எல்லாரையும் என்னால காப்பாத்த முடியாது" என்பான். காவலாளி விழுந்துவிடுவார். அதற்குப் பிறகு நாயகன் இருபது நிமிடம் மழையில் நின்று வருத்தப்படுவான். அதற்குப் பெயர் கரி. பெயர் வைத்தது அக்கா.

கதை எழுதியபோது தம்பி பாலைத்தான் எழுதினான் என்பது அக்காவுக்குத் தெரியும். இது அவனுடைய முதல் படம். ஒரு நல்லவன் நல்லது செய்கிறான், அவ்வளவுதான் கதை என்று மூன்று வருடம் தயாரிப்பாளர்களின் வாசலில் நின்றவன். எத்தனையோ பேர் "ஒரு பழிவாங்கலையாவது சேருங்க" என்றபோதும் மாட்டேன் என்றவன். அவன் இப்போது பயந்துபோய்த் தன் படத்தைத் தானே ஊற்றிக் கொட்டப் பார்க்கிறான். வெள்ளிக்கிழமை கடைசிக் காட்சி. அன்றைக்கு எந்த வடிவம் போகிறதோ அதுதான் ஊர் ஊராகப் போகும். தயாரிப்பாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு இருந்ததெல்லாம் நான்கு நாள்.

"உனக்குக் கரி பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"பிடிக்கிறதா முக்கியம்? ஜனங்க சிரிக்கக் கூடாது."

அப்படியே புதன்கிழமை பகல் காட்சிக்குக் கரியைப் போட்டார்கள். தம்பி கடைசி வரிசையில் மார்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காவலாளி தொங்கினார். நாயகன் இறங்கினான். அறுபது பேரும் சிரித்தார்கள்.

சிரித்து முடிப்பதற்குள் காவலாளி ஏழு மாடி விழுந்து செத்துப்போனார். யாருக்கு என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு அம்மாள் இருமுவதுபோல் பாவனை செய்தார்.

வெளியே வந்ததும் தயாரிப்பாளர் தம்பியின் தோளில் கை போட்டார். "தம்பி, நான் சினிமால முப்பது வருஷமா இருக்கேன். காப்பாத்தினாலும் சிரிக்கிறான், சாகடிச்சாலும் சிரிக்கிறான்னா, ஏதோ செய்வினைதான்."

"இன்னும் இருட்டாக்கணும் சார்" என்றான் தம்பி. அவன் கண்ணில் ஒரு மாதிரி வெறி. "நம்ம ஆளே காவலாளியைத் தள்ளிவிடட்டும். நாளைக்கு ஒரே நாள்ல எடுத்துடலாம்."

"எதுக்குத் தள்ளணும்?"

"அதை அப்புறம் யோசிக்கலாம்."

அக்கா எடிட்டிங் அறைக்குப் போனாள். சன்னலில்லாத அறை. வெளியே பட்டப்பகலாக இருந்தாலும் உள்ளே எப்போதும் ஒரே மாதிரி மங்கல். அவளுக்குத் துக்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. நல்லவன் என்பதால் சிரிக்கிறார்கள் என்றால் கெட்டதுக்கு ஏன் சிரிக்க வேண்டும்? வசனத்துக்குச் சிரிக்கிறார்கள் என்றால் வசனம் இல்லாதபோது ஏன் சிரித்தார்கள்? ஒருவரிடம் ஏன் சிரித்தாய் என்று கேட்டால், அவர் சிரித்து முடித்த பிறகு உட்கார்ந்து ஒரு காரணம் தேடுவார். கையில் அகப்படும் முதல் காரணத்தைத் தாளில் எழுதிவிடுவார். பொய் சொல்வதாக அர்த்தமில்லை. தும்மலுக்குக் காரணம் எழுதச் சொன்னால் என்ன எழுதுவோமோ அதுதான். ஆகவே தாளை நம்பக் கூடாது. சிரிப்பு எப்போது தொடங்கியது என்பதை மட்டும் நம்பலாம்.

அந்த நேரம் பார்த்து அத்தான் உள்ளே வந்தார், இரண்டு கோப்பை டீயோடு.

"ஏங்க, நீங்க ஒவ்வொரு காட்சிக்கும் ஹால்ல மைக் வெச்சுப் பதிவு பண்ணுவீங்கல்ல?"

"பின்னால ஸ்பீக்கர் ஒண்ணு உறுமுது. அது நம்ம தப்பா, தியேட்டர் தப்பான்னு பார்க்கிறதுக்கு."

"மூணு காட்சியும் இருக்கா?"

"இருக்கு. உறுமலும் இருக்கு. தியேட்டர் தப்புதான்" என்றார் அத்தான், கேட்காத கேள்விக்கும் சேர்த்து.

மூன்று பதிவுகளையும் கணினியில் படத்துக்குக் கீழே வரிசையாக அடுக்கினாள். பொருத்துவதற்கு ஒரு அடையாளம் வேண்டும். படத்தின் தொடக்கத்தில் நாயகனின் சிவப்பு அங்கி லிஃப்ட் கதவில் மாட்டிக்கொள்ளும் காட்சி ஒன்று உண்டு. கதவு மூடும் சத்தம் மூன்று பதிவிலும் டமால் என்று கேட்டது. அந்த மூன்று டமாலையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் மற்றதெல்லாம் தானாகப் பொருந்திவிடும்.

லிஃப்ட் காட்சியால் இன்னொரு லாபமும் இருந்தது. அது வேண்டுமென்றே வைத்த நகைச்சுவை. சிரிப்புக்குக் காரணம் எது என்பதில் சந்தேகமே இல்லை: அங்கி மாட்டியதுதான். அது மாட்டிய கணத்திலிருந்து ஜனங்கள் சிரிக்கத் தொடங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தாள். சினிமாவில் ஒரு விநாடிக்கு இருபத்து நான்கு படங்கள் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரேம். முதல் காட்சியில் பதினேழு ஃப்ரேம். அடுத்ததில் பத்தொன்பது. மூன்றாவதில் பதினெட்டு. அதாவது கண்ணில் படுவது மூளைக்குப் போய், மூளையிலிருந்து மூக்குக்கு வர முக்கால் விநாடி. மனிதர்கள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு.

"இப்ப பாருங்க" என்று அத்தானிடம் சொன்னாள். காவலாளி காட்சிக்கு வந்தாள். நாயகனின் கால் தரையைத் தொடும் ஃப்ரேமை ஒன்று என்று வைத்துக்கொண்டாள். மூன்று பதிவிலும் சிரிப்பு எங்கே தொடங்குகிறது என்று தேடினாள். ஐம்பத்திரண்டு. ஐம்பத்து மூன்று. ஐம்பத்திரண்டு.

"வசனம் எங்க ஆரம்பிக்குது?" என்றார் அத்தான்.

"நாற்பத்தொன்பதுல."

"அப்படின்னா வசனத்தைக் கேட்டு மூணு ஃப்ரேம்ல சிரிச்சுட்டாங்களா?"

"முடியாதுல்ல. அவன் வாயைத் திறக்கும்போதே அவங்களுக்குச் சிரிப்பு கிளம்பிடுச்சு. 'பயப்படாதீங்க'ன்னு சொன்னாலும், 'முடியாது'ன்னு சொன்னாலும், ஒண்ணுமே சொல்லலன்னாலும் ஒரே இடம். ஐம்பத்திரண்டிலேருந்து பதினெட்டு பின்னால போகணும். காரணம் அங்கதான் உட்கார்ந்திருக்கும்."

முப்பத்து நான்காவது ஃப்ரேமில் கொண்டுபோய் நிறுத்தினாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

அங்கே ஒன்றும் இல்லை. நாயகன் நிற்கிறான். சிவப்பு அங்கி காற்றில் ஆடுகிறது. முப்பத்து மூன்றில் நிற்கிறான். முப்பத்தைந்தில் நிற்கிறான். ஒன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை, முழுதாக இரண்டு விநாடி, முகவாயைச் சற்றே உயர்த்திக்கொண்டு நிற்கிறான்.

"எதுக்கு நிக்கிறான்?" என்றார் அத்தான்.

அக்காவுக்குக் காது சூடேறியது. நிற்க வைத்தது அவள்தான். பத்தொன்பது வருடமாக அவள் பெரிய நடிகர்களின் படங்களை வெட்டியவள். அவர்கள் படங்களில் நாயகனின் கால் தரையைத் தொட்டதும் அரங்கம் அதிரும். அடுத்த வசனம் காதில் விழாது. கேட்கவில்லை என்று தியேட்டர்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே தொழிலில் ஒரு வழக்கம்: கால் தொட்டதும் நாற்பத்தெட்டு ஃப்ரேம் சும்மா விட வேண்டும். விசில் இடம் என்பார்கள். யாரும் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். சட்டைக்குப் பொத்தான் போடுவதுபோல் விரல் தானாகப் போட்டுவிடும். இந்தப் படத்தின் நடிகன் புதுப்பையன். அறுபது பேரில் ஒருவருக்கும் அவனைத் தெரியாது. விசிலடிக்க யாரும் வரவில்லை. இடம் மட்டும் காலியாகக் கிடந்தது.

"அவ்வளவு பேர் பார்த்தோமே, நமக்கு ஏன் தெரியல?" என்று தனக்குள் கேட்பதுபோல் கேட்டாள்.

"இங்க அந்த இடம் காலியா இருந்ததே இல்லையே" என்றார் அத்தான். "ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் உன் தம்பிதான் ரெண்டு விரலை வாய்ல வெச்சு விசிலடிப்பானே. காது கிழியும்."

தம்பியைக் கூப்பிட்டார்கள். தள்ளிவிடும் காட்சிக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தவன், பேனாவோடு வந்தான். அக்கா காட்சியை ஓட்டினாள். கால் தரையைத் தொட்டதும் அவன் வாயருகே விரல் போனது. அத்தான் அந்தக் கையை மரியாதையாகப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"இன்னிக்கு மட்டும் விசில் வேண்டாம் மச்சான். சும்மா பாரு."

தம்பி சும்மா பார்த்தான். இரண்டு விநாடி. ஒரு வயதான மனிதர் ஒற்றைக் கையில் தொங்குகிறார். பக்கத்தில் ஒருத்தன் நெஞ்சை நிமிர்த்தி நின்று கொடி மாதிரி ஆடும் துணியைக் காட்டிக்கொண்டிருக்கிறான். தம்பியின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதே சத்தம்.

"நீயும் சிரிச்சுட்ட" என்றாள் அக்கா.

"அடப்பாவி, அவரைப் புடிடா முதல்ல" என்று திரையைப் பார்த்துச் சொன்னான் தம்பி. பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "நல்லவன்னு சிரிக்கல. கைதட்டலுக்குக் காத்திருக்கான்னு சிரிச்சிருக்காங்க."

"அதுக்கு நீ நல்லவனையே ஒழிச்சுக்கட்டப் பார்த்த."

"நீ போட்ட விசில் இடத்துக்கு நான் தாடி வளர்த்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக வெட்டத் தொடங்கினார்கள். பக்கத்துக் கட்டடத்து டப்பிங் ஸ்டுடியோவில் வேலை செய்பவர்களை டீ வேளையில் எட்டு எட்டுப் பேராக அழைத்து வந்தார் அத்தான். பிஸ்கட் உண்டு என்று சொல்லித்தான் அழைத்து வந்தார். காலி இடத்தை இருபத்து நான்கு ஃப்ரேமாகக் குறைத்தபோது எட்டில் மூன்று பேர் சிரித்தார்கள். பன்னிரண்டாக்கியபோது ஒருவர். மொத்தமாக எடுத்தபோது யாரும் சிரிக்கவில்லை, ஆனால் ஒரு பெண், "யாரு வந்து தூக்கினது? தீயணைப்புக்காரங்களா?" என்று கேட்டாள். வந்தது யார் என்று மனதில் பதிவதற்குள் காட்சி ஓடிவிட்டது.

அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். நேரம் கொஞ்சம் வேண்டும். அந்த நேரத்தை நிற்கிறவனுக்குக் கொடுத்தால் சிரிப்பு வருகிறது. தொங்குகிறவருக்குக் கொடுத்தால்?

எடுத்து வைத்திருந்த துண்டுகளைத் துழாவினாள். காவலாளியின் விரல்கள் கம்பியில் ஒவ்வொன்றாக நழுவுவது ஒரு துண்டாக இருந்தது. ஓரத்தில் சிவப்புத் துணியின் நிழல் வந்து விழுகிறது. அதில் பதினான்கு ஃப்ரேமை எடுத்துக் காலி இடத்தில் வைத்தாள். அத்தான் கால் தரையில் பதியும் சத்தத்தை நகர்த்தி அந்த விரல்களின்மேல் போட்டார். அடுத்த எட்டுப் பேர் வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கையிலிருந்த பிஸ்கட் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"நடிகனோட முகம்?" என்றான் தம்பி. "வந்து இறங்கற இடத்துல முகமே இல்லன்னா அவங்க அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"தூக்கி உட்கார வெச்ச பிறகு முகத்தைப் போடு. அப்ப எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கட்டும்."

சாயங்காலம் அவள் கரியையும் எடுத்து அதே மாதிரி வெட்டிப் போட்டுக் காட்டினாள். தம்பி எதிர்பார்க்கவில்லை. விரல் நழுவியது, நிழல் விழுந்தது, நாயகன் முடியாது என்றான், காவலாளி விழுந்தார். கடைசி எட்டுப் பேரும் மூச்சுக் காட்டாமல் பார்த்தார்கள். சிரிப்பு அங்கேயும் போய்விட்டது.

"எதுக்குக்கா இதைச் செஞ்ச?" என்றான் தம்பி, அவர்கள் போன பிறகு. "பால்தான் உனக்குப் பிடிக்கும்."

"எனக்குப் பிடிக்கும். ஆனா நேத்து வரைக்கும் நீ பயத்துல முடிவு பண்ணின. இப்பப் பயம் போயிடுச்சு. ரெண்டுமே ஓடும். உன் படம், நீ சொல்லு."

தம்பி கரியை மேலே ஓட்டச் சொன்னான். காவலாளி போன பிறகு வரும் மழைக் காட்சி திரையில் ஓடியது. நாயகன் மாடி விளிம்பில் நிற்கிறான். மழை கொட்டுகிறது. முகவாயைச் சற்றே உயர்த்திக்கொண்டு நிற்கிறான். சுற்றிச் சுற்றி வருகிறது காமிரா. அவன் நின்றுகொண்டே இருக்கிறான்.

"அக்கா."

"என்னடா."

"இவன் இங்கயும் அதைத்தான் செய்யறான். அங்க ரெண்டு விநாடி. இங்க இருபது நிமிஷம்." எழுந்து சட்டையை உதறிவிட்டுக்கொண்டான். "பாலையே போடு. அந்தப் பெரியவரை நான் விழவெக்க மாட்டேன். மூணு வருஷமா அவருக்காகத்தானே படி ஏறி இறங்கினேன்."

"தாடி?"

"வீட்டுக்குப் போறேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை அறுபது பேர் வந்தார்கள். காவலாளி தொங்கினார். கால் பதியும் சத்தம் கேட்டது. விரல்கள் நழுவின. ஒரு கை வந்து மணிக்கட்டைப் பிடித்தது. அரங்கத்தில் அத்தான் சொன்ன அந்த உறுமும் ஸ்பீக்கரைத் தவிர வேறு சத்தமே இல்லை. காவலாளி உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு நாயகனின் முகம் வந்தது. நடு வரிசையில் யாரோ ஒருவர் கை தட்டினார்; கூடவே நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு கடைசி வரிசையில் இருந்த தம்பி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

விளக்கு எரிந்ததும் தயாரிப்பாளர் நேராக அக்காவிடம் வந்தார். "யாரும் சிரிக்கல. என்னம்மா பண்ணின? வசனத்தை மாத்தினியா, ஆளை மாத்தினியா?"

"ஒண்ணையும் மாத்தல சார்" என்றாள் அக்கா. "வந்து இறங்கினதும் சும்மா நின்னுக்கிட்டிருந்த நாற்பத்தெட்டு ஃப்ரேமை எடுத்துட்டேன். அந்த இடத்துல காவலாளியோட விரல் நழுவறதைப் பதினாலு ஃப்ரேம் வெச்சேன். உடனே கை வந்து புடிக்குது. முகம் அதுக்கு அப்புறம்."